மாடிப்படி சாய்வும் பனிச்சரிவும்: வாசகர் கேள்வி-பதில்

போன இதழ்ல குளிர்கால ஹிமாலய ட்ரெக் பத்தி எழுதினேன். அதுல பனிச்சரிவு பத்தி வந்தது ஒரே ஒரு பாரா தான், ஆனா வந்த கேள்வில முக்கால்வாசி அந்த ஒரு பாராவப் பத்தி தான். அதனால இந்த தடவை முழுசும் அதுவே. முன்னாடியே சொல்லிடறேன், நான் விஞ்ஞானி எல்லாம் கிடையாது, பத்து பதினஞ்சு வருஷமா லீவு கிடைக்கறப்ப எல்லாம் வடக்க போய் நடந்தவன், ஒரு பேசிக் மலையேற்ற கோர்ஸ் முடிச்சவன், ரெண்டு தடவை பயந்து திரும்பி வந்தவன். அந்த ரெண்டு தடவைல கத்துக்கிட்டது தான் கோர்ஸ்ல கத்துக்கிட்டத விட ஜாஸ்தி.

ஊட்டி பக்கத்துல இருக்க அவலாஞ்சிக்கு ஏன் அந்த பேரு? அங்க எப்பவாச்சும் பனிச்சரிவு வந்திருக்கா? (கோத்தகிரி வாசகி)

இல்லைங்க, அங்க சரிஞ்சது பனி இல்ல, மண்ணு. 1800கள் ஆரம்பத்துல பெரிய மண்சரிவு ஒண்ணு வந்திருக்கு, அதைப் பாத்த வெள்ளக்காரங்க அந்த பேரை வச்சுட்டாங்க, அதுவே நிலைச்சுடுச்சு. நீலகிரில விழறது உறைபனி, வானத்துல இருந்து கொட்டற ஸ்னோ இல்ல.

ஆனா நீங்க கோத்தகிரிங்கறதால ஒண்ணு சொல்றேன், மத்தவங்கள விட உங்களுக்கு இது சட்டுனு புரியும். டிசம்பர் ஜனவரில மேகமே இல்லாத ராத்திரிக்கு மறுநாள் காலைல தலைகுந்தா பக்கம் போனா புல்லு மேல வெள்ளையா பூத்திருக்கும்ல, கையில தொட்டா சின்ன சின்ன இறகு மாதிரி இருக்கும், வெயில் வந்ததும் போயிடும். அதே சமாச்சாரம் ஹிமாலயத்துல புல்லு மேல இல்லாம பனி மேலயே பூக்கும். பாக்க அவ்ளோ அழகு, வெயில் பட்டா வைரம் கொட்டின மாதிரி மின்னும். அது கரையறதுக்குள்ள அடுத்த பனிப்பொழிவு வந்து மூடிடுச்சுன்னா, அந்த இறகு அப்படியே உள்ள மாட்டிக்கிட்டு நிக்கும், ஒரு அடி ரெண்டு அடி பனியைத் தலையில தாங்கிக்கிட்டு. யாராவது மிதிக்கற வரைக்கும். உலகத்துல பல பேரைக் கொன்ன அடுக்கு அது, ஊட்டில நாம அதை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கறோம்.

நான் மெக்கானிக்கல் படிக்கிறேன். 65 கிலோ ஆள் நடந்தா ஒரு மலைச்சரிவே இறங்கும்ங்கறது லாஜிக்கா இல்லயே? (திருச்சி மாணவர்)

தம்பி, சந்தேகம் நியாயம் தான், எனக்கும் இருந்துச்சு. வீட்ல ஒரு வேலை பண்ணிப் பாரு. ஒரு தாம்பாளத்துல சீனிய மெல்லிசா பரப்பு, அது மேல மைசூர்பாகு பலகைய துண்டு போடாம அப்படியே வை, இப்போ தாம்பாளத்தை மெதுவா சாய். கொஞ்ச தூரம் வரை எதுவும் ஆகாது. ஒரு சாய்வு வந்ததும் லேசா தட்டினா போதும், பலகை மொத்தமா வழுக்கும். நீ தட்டின பலம் அந்தப் பலகைய இழுக்கல, சீனிய மட்டும் தான் அசைச்ச, மிச்சத்தைப் பாத்துக்கிட்டது புவியீர்ப்பு.

பனி அப்படித்தான் அடுக்கு அடுக்கா இருக்கு, ஒவ்வொரு பனிப்பொழிவும் ஒரு அடுக்கு, நடுவுல அடிச்ச காத்தும் காஞ்ச வெயிலும் தனி அடுக்கு. மேல கெட்டிப்பட்ட பலகை, கீழ வலுவில்லாத அடுக்கு, அதுக்கு தோதான சாய்வு, இந்த மூணும் சேர்ந்த இடத்துல ஆள் வெயிட்டு தட்டற கை மாதிரி. மேல ஒரு இடத்துல வலுவில்லாத அடுக்கு நொறுங்கினா அந்த நொறுங்கல் பக்கத்துக்கு பக்கம் ஓடும், வரிசையா நிக்க வச்ச சீட்டுக்கட்டு மாதிரி, கண்ணு சிமிட்டறதுக்குள்ள நூறு மீட்டர் அகலத்துக்கு மேல விரிசல் விட்டு மொத்தமா கிளம்பும். காஞ்ச பனி பலகையா கிளம்பினா மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகம் சாதாரணம்.

அந்த சீனி எங்க இருந்து வருதுன்னு நீ கேக்கல, ஆனா விஷயமே அதுல தான் இருக்கு. தரை பக்கம் பனியோட வெப்பம் கிட்டத்தட்ட பூஜ்யம் டிகிரி, ஏன்னா பனி கம்பளி மாதிரி பூமியோட சூட்டை வெளிய விடாது. மேல்பக்கம் ராத்திரி மைனஸ் 15, மைனஸ் 20. நடுவுல பனி ஒன்றரை அடி தான் இருக்குன்னா அந்த ஒன்றரை அடிக்குள்ள அவ்வளவு வித்தியாசம். கீழ இருக்க ஈரம் ஆவியா மேல ஏறும்போது பனித்துகள் உருமாறி கல்கண்டு மாதிரி பொலபொலன்னு ஆயிடும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது, கையில அள்ளினா விரல் இடுக்குல ஓடிடும். இங்கிலீஷ்காரன் கூட அதை சுகர் ஸ்னோன்னு தான் சொல்றான். 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரிக்கு மேல வித்தியாசம் இருந்தா இந்த வேலை நடக்கும்னு கணக்கு. அதாவது பனி நிறைய இருக்கறத விட, கம்மியா இருந்து குளிர் ஜாஸ்தியா இருக்கறது தான் மோசம். இதை யாருமே எதிர்பாக்க மாட்டாங்க.

ஹிமாலயத்துல அடிக்கடி நடக்கறது இது தான். டிசம்பர்ல லேசா ஒரு பனிப்பொழிவு, அப்புறம் மூணு வாரம் தெளிவான வானம், எல்லாரும் வியூ சூப்பர்னு ரீல்ஸ் போடுவாங்க, அந்த மூணு வாரமும் கீழ கல்கண்டு தயாராகுது. அப்புறம் ஜனவரில மேற்குல இருந்து, மத்தியதரைக் கடல் பக்கத்துல கிளம்பி ஈரான் பாகிஸ்தான் தாண்டி வர்ற வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்ங்கற புயல் மாதிரி ஒண்ணு வந்து ரெண்டு நாள்ல மூணு அடி கொட்டும். மைசூர்பாகு வந்து உக்காந்துடுச்சு. மூணாவது நாள் வானம் தெளிஞ்சதும் நம்ம ஆளுங்க கிளம்புவாங்க.

இன்னொரு விஷயம், மலைக்குப் போறவங்க மாட்டற பனிச்சரிவுல கிட்டத்தட்ட 90 சதவீதம் மாட்டினவரோ கூட வந்தவரோ கிளப்பி விட்டது தான். தலைமேல எங்கயோ இருந்து விதி வந்து விழல. எனக்கு இது பயமுறுத்தற செய்தி இல்ல, நிம்மதியான செய்தி. நம்ம கையில இருக்க விஷயம்னா நாம மாத்தலாம்ல.

ஜனவரில ஆபீஸ் கேங் எட்டு பேர் கேதார்காந்தா போறோம். ட்ரெக் கம்பெனி அங்க பனிச்சரிவே வராதுங்கறாங்க. நம்பலாமா? (சென்னை ஓ.எம்.ஆர். வாசகர்)

வரவே வராதுன்னு சொல்ற ஆளை நம்பாதீங்க, ஆனா ட்ரெக்கை கேன்சல் பண்ணவும் வேணாம். உத்தரகண்ட்ல சாங்க்ரிங்கற ஊர்ல ஆரம்பிச்சு போற வழில பெரும்பாலும் பைன் காடும் புல்வெளியும் தான், கடைசில உச்சிக்கு ஏறற பகுதி தான் செங்குத்து. உச்சி 3,800 மீட்டர் சொச்சம். குளிர்காலத்துல இவ்வளவு கூட்டம் அங்க போறதுக்கு சாய்வு கம்மியா இருக்கறது ஒரு காரணம்.

சாய்வுன்னு சொன்னேன்ல, அதை மட்டும் மண்டைல ஏத்திக்குங்க. பலகையா கிளம்பற பனிச்சரிவு பெரும்பாலும் 30 டிகிரில இருந்து 45 டிகிரி சாய்வுக்குள்ள தான் கிளம்பும், அதுலயும் 38ஐ ஒட்டி இருக்கற சாய்வு ரொம்ப பொல்லாதது. 30க்கு கீழ அபூர்வம். 50, 55க்கு மேல பனி தங்கறதே இல்ல, விழ விழ கொட்டிடும். 30 டிகிரின்னா எவ்வளவுன்னு கேட்டா, உங்க வீட்டு மாடிப்படி. நம்ம ஊரு வீட்டுப்படி எல்லாம் 30ல இருந்து 35 வரைக்கும் இருக்கும், அதுல ஒரு பலகைய சாத்தினா வர்ற சாய்வு தான். அதனால எதிர்ல இருக்க சரிவு மாடிப்படி மாதிரியோ அதை விட செங்குத்தாவோ இருந்தா அங்க நின்னு செல்ஃபி எடுக்காதீங்க. போன்ல லெவல் பாக்கற ஆப் இருக்கு, ட்ரெக்கிங் போல் மேல வச்சா சாய்வு காட்டும். கண்ணளவுல நான் எப்பவும் அஞ்சு டிகிரி தப்பா தான் சொல்லுவேன்.

இதுல ஒரு ஓட்டை இருக்கு. நீங்க நிக்கற இடம் சமதளமா இருக்கலாம், தலைக்கு மேல 300 மீட்டர் உயரத்துல மாடிப்படி சாய்வு இருந்தா அது உங்களைத் தேடி வரும். சமதளத்துல கொஞ்ச தூரம் ஓடிட்டு தான் பனி நிக்கும். டென்ட் போடற இடத்துல இதை பாக்கணும், ஏன்னா நடக்கறப்ப ஒரு நிமிஷம் தான் இருப்பீங்க, தூங்கறப்ப பத்து மணி நேரம். காட்டுக்கு நடுவுல மரமே இல்லாத பட்டை ஒண்ணு மேல இருந்து கீழ வரைக்கும் வகிடு எடுத்த மாதிரி தெரிஞ்சா அது பனி ஓடற பாதை. அந்த ஓரத்து மரத்துல மேட்டுப் பக்கம் கிளை எல்லாம் ஒடிஞ்சு பள்ளத்துப் பக்கம் மட்டும் கிளை இருந்தா, அடிக்கடி ஓடுதுன்னு அர்த்தம்.

கம்பெனிக்காரங்ககிட்ட சேஃபான்னு கேக்காதீங்க, சேஃபுன்னு தான் சொல்லுவாங்க. எத்தனை சென்டிமீட்டர் பனி விழுந்தா உச்சிக்கு கூட்டிட்டு போக மாட்டீங்க, அப்படி திரும்பினா காசு திரும்ப தருவீங்களா, கடைசியா எப்ப திரும்பினீங்கன்னு கேளுங்க. 24 மணி நேரத்துல 30 சென்டிமீட்டர் விழுந்தாலே உஷாராகணும். திரும்பினதே இல்லன்னு பெருமையா சொன்னா வேற கம்பெனி பாருங்க.

3-ம் லெவல் எச்சரிக்கைன்னு நியூஸ்ல போடறாங்க. 5ல 3ன்னா பாதி தானே, அவ்வளவு மோசம் இல்லன்னு எடுத்துக்கலாமா? (ஈரோடு வாசகர்)

எடுத்துக்கவே கூடாது. பரீட்சை மார்க் மாதிரி இல்ல இது, ஒவ்வொரு படிக்கும் ஆபத்து ரெண்டு மடங்குக்கு மேல ஏறும். இந்த 1ல இருந்து 5 வரைக்குமான அளவுகோல் 1993ல ஐரோப்பால ஒரே மாதிரி ஆனது. சுவிட்சர்லாந்துல ஜாஸ்தி பேர் செத்தது 3-ம் லெவல்ல தான், 5ல இல்ல. 5ன்னா யாருமே வெளிய வர மாட்டாங்க, ரோட்டையே மூடிடுவாங்க. 3ன்னா வானமும் தெளிஞ்சு இருக்கும், புது பனியும் இருக்கும், மனசும் கேக்காது.

நம்ம நாட்ல இந்த அறிவிப்பு கொடுக்கறது சண்டிகர்ல இருக்க டி.ஜி.ஆர்.ஈ., டி.ஆர்.டி.ஓ.வோட ஆய்வகம். முன்னாடி சாசேன்னு பேரு, 1969ல மணாலில ஆரம்பிச்சது, 2020ல இன்னொரு ஆய்வகத்தோட சேத்து புதுப் பேர் வச்சாங்க. காஷ்மீர், இமாச்சல், உத்தரகண்ட்னு மாவட்டத்தோட, எத்தனை மீட்டர் உயரத்துக்கு மேலங்கறதையும் சொல்லுவாங்க. ஆனா ஒரு மாவட்டம்ங்கறது எவ்வளவு பெருசு, நீங்க ஏறப்போற சரிவு எவ்வளவு சின்னது, அது தெரியுமில்ல? அறிவிப்பு வேணாம் போகாதன்னு சொன்னா கேட்டுக்குங்க, போலாம்னு சொன்ன மாதிரி இருந்தா கண்ணைத் திறந்து பாத்துட்டு போங்க.

குல்மார்க்ல கோண்டோலா செகண்ட் ஃபேஸ் ஏறி ஸ்கீயிங் போக பிளான். டூரிஸ்ட் இடம் தானே, அங்க என்ன ஆகப்போகுது? (துபாய் வாசகர், சொந்த ஊர் நாகர்கோவில்)

அண்ணே, கோண்டோலாங்கற அந்த கேபிள் கார் உங்களை அஃபர்வாத் மலை மேல கிட்டத்தட்ட 3,950 மீட்டர்ல இறக்கி விடும். டிக்கெட் வாங்கி, கேபின்ல உக்காந்து, ஆப்பிள் ஜூஸ் குடிச்சுக்கிட்டே போய் இறங்கினதும் நிக்கற இடம் டூரிஸ்ட் இடம் தான். அங்க இருந்து எல்லைக் கயித்தைத் தாண்டி அந்தப் பக்கம் பத்தடி வச்சா அது காட்டு மலை. பேட்ரோல் ஆளுங்க குறிப்பிட்ட பகுதில மட்டும் தான் பனியைப் பாத்து, தேவைப்பட்டா வெடி வச்சு இறக்கி விடறாங்க, கயித்துக்கு வெளிய உங்க பாடு. 2023 பிப்ரவரி 1ந்தேதி அஃபர்வாத்ல பனிச்சரிவுல ரெண்டு போலந்துக்காரங்க செத்தாங்க, 2024 பிப்ரவரில ஒரு ரஷ்யக்காரர். எல்லாரும் ஸ்கீயிங் தெரிஞ்சவங்க. அதுக்கும் முன்னாடி 2010 பிப்ரவரி 8ந்தேதி கீழ கிலன்மார்க்ல ராணுவத்தோட உயர்மலை போர் பள்ளிக்காரங்க பயிற்சில இருந்தப்ப வந்த பனிச்சரிவுல 17 வீரர்கள் இறந்தாங்க. பனிக்குன்னே பயிற்சி எடுக்கறவங்க அவங்க.

அங்க காத்து தான் வில்லன். நாகர்கோவில்காரருக்கு காத்தைப் பத்தி நான் சொல்லணுமா, ஆரல்வாய்மொழில ஆடி மாசம் நின்னு பாத்திருப்பீங்க. மணலோ குப்பையோ சுவத்துல காத்து அடிக்கற பக்கம் இருக்காது, மறுபக்கம் போய் குவிஞ்சு கிடக்கும். பனியும் அதே தான். முகட்டுக்கு இந்தப் பக்கம் பனியே இல்லாம மண்ணு தெரியும், அந்தப் பக்கம் தலையணை மாதிரி உப்பி நிக்கும். வானத்துல இருந்து பனி விழற வேகத்தை விட பத்து மடங்கு வேகமா காத்து ஒரு இடத்துல கொண்டு வந்து கொட்டும். அதனால நேத்து பனியே விழல, வெயில் தான்னு ஹோட்டல்காரர் சொன்னாலும், காத்து அடிச்சதான்னு தனியா கேளுங்க. மிதிச்சா முரசு மாதிரி தொம்தொம்னு வெத்தா சத்தம் வந்தா அந்தத் தலையணை மேல தான் நிக்கறீங்க.

முகட்டு ஓரத்துல கூரை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்க பனி மேல போய் எட்டிப் பாக்கறது இன்னொரு ஆபத்து, அதுக்கு கீழ ஒண்ணுமே இருக்காது. அதைப் பத்தி எழுதினா தனி பக்கம் வேணும்.

சினிமால ஹீரோ கத்தினதும் பனிச்சரிவு வருதே, நிஜமா? (பத்தாம் வகுப்பு மாணவி, நாமக்கல்)

பொய் பாப்பா. மனுஷ சத்தத்துக்கு அவ்வளவு பலம் கிடையாது. நடந்தா வரும், கத்தினா வராது.

2016ல சியாச்சின்ல பனிச்சரிவுல புதைஞ்ச ஹனுமந்தப்பாவை ஆறு நாள் கழிச்சு உயிரோட எடுத்தாங்க. அப்படி இருக்கப்ப பத்து நிமிஷத்துல எடுக்கலன்னா அவ்வளவு தான்னு நீங்க எழுதினது சரியா? நான் மெட்ராஸ் ரெஜிமென்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவன். (தேனி மாவட்ட வாசகர்)

ஐயா, உங்க கடிதத்தை ரெண்டு மூணு தடவை படிச்சேன். 2016 பிப்ரவரி 3ந்தேதி, 19,600 அடி உயரத்துல சோனம் போஸ்ட், 19வது மெட்ராஸ் பட்டாலியன், பத்து பேர் புதைஞ்சாங்க. அதுல நாலு பேர் நம்ம ஆளுங்க, வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி. தேனின்னு போட்டிருக்கறதால உங்களுக்கு அது செய்தி இல்ல, பக்கத்து ஊர் துக்கம்னு தெரியும்.

லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் 25 அடிக்கு மேல ஆழத்துல இருந்து கிடைச்சார். அவர் டென்ட்டுக்குள்ள இருந்தார், அது நசுங்கினப்ப அவரைச் சுத்தி கொஞ்சம் காத்து இருக்க இடம் நின்னுச்சு. மூச்சு விட வழி இருந்ததால தான் குளிரோட போராட நேரமே கிடைச்சது. பிப்ரவரி 11ந்தேதி டெல்லில அவரும் போயிட்டார். கட்டடத்துக்குள்ளயோ வண்டிக்குள்ளயோ டென்ட்டுக்குள்ளயோ மாட்டறது ஒரு கணக்கு, திறந்த வெளில நடந்துக்கிட்டு இருக்கறப்ப மாட்டறது வேற கணக்கு. 2025 பிப்ரவரி 28ந்தேதி பத்ரிநாத் தாண்டி மாணா கிட்ட ரோடு போடற தொழிலாளிங்க 54 பேர் மாட்டினாங்க, கண்டெய்னர்ல தங்கி இருந்தவங்க, 46 பேரை உயிரோட எடுத்தாங்க, 8 பேர் போயிட்டாங்க. இரும்புப் பெட்டி எவ்வளவு பேரைக் காப்பாத்திருக்குன்னு பாருங்க.

வெளில மாட்டினவருக்கு அந்தப் பெட்டி கிடையாது. பனி வந்து நின்ன உடனே சிமென்ட் மாதிரி இறுகிடும், வாயிலயும் மூக்குலயும் பனி, விட்ட மூச்சுக்காத்தையே திரும்ப இழுக்கணும், முகத்தைச் சுத்தி பனி உருகி திரும்ப உறைஞ்சு முகமூடி மாதிரி ஆயிடும். குளிர்ல சாகறதுக்குள்ள மூச்சு முட்டி செத்துடறாங்க, நாலுல மூணு பேர் சாவு அப்படித்தான், மிச்சம் பாறைலயோ மரத்துலயோ மோதி. முழுசா புதைஞ்சவங்களை 10 நிமிஷத்துக்குள்ள எடுத்தா பத்துல ஒன்பது பேர் பொழைக்கறாங்க, அரை மணி நேரம் ஆச்சுன்னா பத்துல மூணு பேர். முன்னாடி 15 நிமிஷம் வரைக்கும் டைம் இருக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க, புது சுவிஸ் கணக்கு அதை 10 ஆக்கிடுச்சு. நான் எழுதினது அந்தக் கணக்கைத் தான், நம்பிக்கையை விடுங்கன்னு இல்ல. ஆனா டென்ட்டுக்குள்ள, வண்டிக்குள்ளன்னு பிரிச்சு எழுதி இருக்கணும், அது என் தப்பு.

பனிச்சரிவு பீக்கன் ஆன்லைன்ல வாங்கிட்டேன். வேற என்ன வாங்கணும்? (பெங்களூரு வாசகர்)

கூட வர்ற ஆளை வாங்கணும், காமெடி பண்ணல. பீக்கன்னா உடம்புல கட்டிக்கற, சிக்னல் விடற சின்ன கருவி. உங்க பீக்கன் உங்களைக் காப்பாத்தாது, கூட இருக்கறவர் கையில இருக்க பீக்கன் தான் உங்களைக் கண்டுபிடிக்கும். எல்லாம் 457 கிலோஹெர்ட்ஸ்ல சிக்னல் விடும், எல்லாரும் அனுப்பற மோடுல வச்சு நடக்கணும், யாராவது புதைஞ்சா மிச்ச பேர் தேடற மோடுக்கு மாத்தணும். ஒருத்தர் மறந்து அனுப்பற மோடுலயே சுத்திக்கிட்டு இருந்தா எல்லாரும் அவரையே தேடி போய் நிப்பீங்க, பயிற்சில நானே அப்படி நின்னிருக்கேன், சிரிச்சுட்டோம், நிஜத்துல சிரிக்க முடியாது. போனை பீக்கன் பக்கத்துல வைக்காதீங்க, நடக்கறப்ப 20 சென்டிமீட்டர், தேடறப்ப 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்கணும்.

பீக்கன் இங்க தான்னு சுமாரா காட்டும், அப்புறம் மடக்கற குச்சியால குத்திப் பாக்கணும், அப்புறம் தோண்டணும். தோண்டறதை யாரும் நினைக்கறதே இல்ல. ஒரு மீட்டர் ஆழத்துல இருக்க ஆளை எடுக்க டன் கணக்குல பனியை வாரணும், அதுவும் இறுகின பனி. கையால ஆகாது, பிளாஸ்டிக் மண்வெட்டி ஒடியும், அலுமினியத்துல நல்லதா வாங்குங்க. ஆளுக்கு நேர் மேல நின்னு கிணறு மாதிரி தோண்டாதீங்க, சரிவுல கொஞ்சம் கீழ இருந்து பக்கவாட்டுல குடைஞ்சு போங்க. மொட்டைமாடில ஒரு பீக்கனை போர்வைக்கடியில ஒளிச்சு வச்சு வாரா வாரம் தேடிப் பழகுங்க, பக்கத்து வீட்டுக்காரங்க என்ன வேணா நினைக்கட்டும்.

ஏர்பேக் பை இருக்கு, ஊதினா பனிக்கு மேல மிதக்க வைக்கும், சாவை ஏறக்குறைய பாதியா குறைக்கும். பாறைல மோதறதைக் குறைக்காது. நான் வாங்கல, விலையும் ஒரு காரணம், அது முதுகுல இருந்தா இன்னும் கொஞ்சம் மேல போய் பாப்போமேன்னு தோணும்னு எனக்கு என்னையே தெரியும், அது இன்னொரு காரணம். அப்புறம் சாட்டிலைட் போன், சாட்டிலைட் மெசஞ்சர் எதையும் அனுமதி இல்லாம கொண்டு போகாதீங்க, நம்ம நாட்ல சட்டப்படி தப்பு, மாட்டினா ட்ரெக் போலீஸ் ஸ்டேஷன்ல முடியும்.

நேபாளத்துல அக்டோபர் சீசன் தானே, அன்னபூர்ணா போறப்ப பனியைப் பத்தி யோசிக்கணுமா? (விசாகப்பட்டினத்துல வேலை பாக்கற மதுரை வாசகி)

நீங்க இருக்க ஊர்லயே பதில் இருக்குங்க. 2014 அக்டோபர் 12ந்தேதி ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்துல கரையைக் கடந்துச்சு. கரையேறினதும் புயல் செத்துடும்னு நாம நினைப்போம், டிவிலயும் அப்புறம் காட்ட மாட்டாங்க. அந்த ஈரம் எல்லாம் வடக்க போய் ரெண்டே நாள்ல, 14ந்தேதி, அன்னபூர்ணா சுத்துப்பாதைல 5,416 மீட்டர்ல இருக்க தொரோங் லா கணவாய் பக்கம் பனியா கொட்டுச்சு. சீசன் பீக்ல, முழங்கால் தாண்டி பனி, கண்ணே தெரியாத காத்து, மேல இருந்து சரிவு. 43 பேர் செத்தாங்க, பல நாட்டு ட்ரெக்கர்கள், வழிகாட்டிங்க, யாக் மேய்க்கறவங்க. அதனால அக்டோபர்ல போறதுக்கு முன்னாடி வங்காள விரிகுடால என்ன சுத்துதுன்னு பாருங்க. புயல்னா ரெண்டு நாள் லாட்ஜ்ல உக்காந்து பருப்பு சோறு சாப்பிட்டு கேரம் ஆடுங்க.

நாங்க ட்ரெக் எல்லாம் இல்ல, குழந்தைகளோட கேங்டாக், நாதுலா டூர் போறோம். எங்களுக்கும் இது பொருந்துமா? (சேலம் வாசகி)

பொருந்தும். 2023 ஏப்ரல் 4ந்தேதி நாதுலா போற ஜவஹர்லால் நேரு ரோட்டுல பனிச்சரிவு வந்து டூரிஸ்ட் 7 பேர் இறந்தாங்க. அனுமதி 13வது மைல் வரைக்கும் தான், அதைத் தாண்டி 15வது மைல் கிட்ட போய் பனில விளையாட இறங்கி இருந்தாங்க. டிரைவர் தம்பிகிட்ட இன்னும் கொஞ்சம் மேல போலாமே, கூட ஐநூறு தர்றேன்னு நாம தான் கேப்போம். கேக்காதீங்க. ஏப்ரல், மே மாசம் மதிய வெயில்ல பனி ஈரமாகி கனமாயிடும், சரிவுல சின்ன சின்ன உருண்டை லட்டு மாதிரி தானா உருண்டு வந்தா குழந்தைகளைக் கூட்டிட்டு வண்டில ஏறிடுங்க. காலைலயே போயிட்டு வந்துடறது நல்லது.

நீங்க ரெண்டு தடவை பயந்து ஓடினதா போன இதழ்ல எழுதினீங்க. என்ன ஆச்சு? (பாண்டிச்சேரி வாசகர்)

முதல் தடவை சொல்லிக்கற மாதிரி இல்ல, விடுங்க. ரெண்டாவது தடவை மணாலிக்கு மேல, பிப்ரவரி, ரெண்டு நாள் பனி கொட்டி ஓய்ஞ்ச காலைல நாங்க அஞ்சு பேரும் உள்ளூர் வழிகாட்டி ஒருத்தரும். சமதளம் மாதிரி தான் இருந்துச்சு, நான் மூணாவது ஆள், திடீர்னு காலுக்கடியில வூம்னு ஒரு சத்தம், பெரிய நாய் வயித்துக்குள்ள இருந்து உறுமின மாதிரி, நிலமே ரெண்டு விரக்கடை இறங்கின மாதிரி. பனில ஒரு கோடு மாதிரி விரிசல் என் ஷூல இருந்து கிளம்பி இருபதடி ஓடி நின்னுச்சு. நான் அது என்னன்னு யோசிக்கறதுக்குள்ள வழிகாட்டி கையைத் தூக்கிட்டார், பேசவே இல்ல, வந்த அடிச்சுவட்டுலயே ஒவ்வொருத்தரா தள்ளித் தள்ளி திரும்ப வச்சார். அந்த சத்தம்னா அடியில இருக்க கல்கண்டு அடுக்கு அப்பவே நொறுங்கிடுச்சுன்னு அர்த்தம், நாங்க நின்னது சமதளமா போனதால ஓட இடம் இல்ல. இருபது மீட்டர் முன்னாடி போயிருந்தா சாய்வு இருந்துச்சு.

கூட வந்த ஒருத்தர் சாயங்காலம் வரைக்கும் முணுமுணுத்துக்கிட்டே இருந்தார், இவ்வளவு செலவு பண்ணி வந்துட்டு, வேற குரூப் போன தடம் கூட தெரிஞ்சுதேன்னு. அந்த தடம் தான் நம்மள ஏமாத்தறது, முன்னாடி பத்து பேர் போயிட்டாங்கன்னா பதினோராவது ஆளுக்கு சேஃப்னு பனில எழுதி இருக்கா என்ன? பத்தாவது ஆள் வரைக்கும் தாங்கும், அப்புறம் எங்கயோ பனி கொஞ்சம் மெல்லிசா இருக்க ஒரு இடத்துல கால் படும். அனுபவமும் அப்படித்தான் ஏமாத்தும். 2022 அக்டோபர் 4ந்தேதி திரௌபதி கா தண்டாங்கற சிகரத்துல உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தோட பயிற்சிக் குழு மாட்டுச்சு, 27 உடல் கிடைச்சது, ரெண்டு பேர் கிடைக்கவே இல்ல. அதுல பயிற்சி கொடுக்கப் போன சவிதா கன்ஸ்வால் அதே வருஷம் மே மாசம் எவரெஸ்டும் மகாலுவும் 16 நாளுக்குள்ள ஏறினவங்க.

மாட்டிக்கிட்டா நீந்தணும்னு சொல்றாங்க, எனக்கு நீச்சலே தெரியாது! (தஞ்சாவூர் வாசகர்)

காவேரிக்கரைல இருந்துக்கிட்டு நீச்சல் தெரியாதா, சரி விடுங்க. பனி கிளம்பினதும் கத்துங்க, கூட இருக்கறவங்க உங்களைப் பாத்துக்கிட்டே இருக்கணும், கடைசியா எங்க மறைஞ்சீங்கன்னு அவங்களுக்கு தெரிஞ்சா தேடற நேரம் பாதி மிச்சம். ஓரத்துப் பக்கம் ஓட முடிஞ்சா ஓடுங்க. ட்ரெக்கிங் குச்சியோட பட்டியை மணிக்கட்டுல மாட்டி இருக்கக்கூடாது, அது நங்கூரம் மாதிரி கீழ இழுக்கும். மறையற இடத்தைப் பாக்க ஆள் வேணும்ங்கறதால தான் ஆபத்தான சரிவைத் தாண்டறப்ப ஒருத்தர் ஒருத்தரா போகணும், மிச்ச பேர் ஓரமா நின்னு பாத்துக்கிட்டு இருக்கணும், எட்டு பேரும் கயித்துல கோத்த மாதிரி போனா தோண்ட ஆள் இருக்க மாட்டாங்க. பனி உங்களை உருட்டிக்கிட்டு போறப்ப கை கால் அடிச்சு மேல வர பாருங்க, நீச்சலோ என்னவோ, பேர் எதுவா இருந்தா என்ன. வேகம் குறையற மாதிரி தெரிஞ்சதும் எல்லாத்தையும் விட்டுட்டு ஒரு கையை வாய்க்கும் மூக்குக்கும் முன்னாடி கொண்டு வந்து கொஞ்சம் இடம் பண்ணிக்குங்க. அதை பனி நிக்கறதுக்கு முன்னாடி பண்ணணும், நின்னதுக்கு அப்புறம் விரல் கூட அசையாது.